கஸ்டமர் கேர் கைவிட்டால், சொந்த வலைப்பதிவில் எழுதுவதால் பயன் உண்டா?

நிச்சயமாக உண்டு. ஆனால் எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோபத்தைக் கொட்டும் பதிவை எந்த நிறுவனமும் கண்டுகொள்ளாது. பில், தேதி, புகார் எண் மூன்றும் உள்ள பதிவை அப்படித் தள்ளிவிட முடியாது.

நான் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறேன். எங்களைப் போன்ற எல்லையோரத் தமிழர்களுக்கு இது கூடுதலாகவே தேவைப்படுகிறது. வீட்டுக்குப் பெரிய சாமான் வாங்க வேண்டுமென்றால் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோதான் போவோம். தமிழிலேயே பேரம் பேசி வாங்கி, வண்டியில் ஏற்றி, எல்லையிலுள்ள கோபாலபுரம் வழியாக வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம். பொருள் பழுதாகும்போதுதான் எல்லை குறுக்கே வந்து நிற்கும்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் வாரண்டி முடிவதற்கு முன்பே குளிர்வதை நிறுத்திவிட்டது. டோல்ஃப்ரீ எண்ணில் 678 என்று தொடங்கும் பின்கோடைச் சொன்னதும் புகார் பாலக்காட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனது. அங்கே, "பில் தமிழ்நாட்டிலேதல்லே, அவிடெத்தன்னெ விளிக்கணம்" (பில் தமிழ்நாட்டுதுதானே, அங்கேயேதான் கூப்பிடணும்) என்றார்கள். பொள்ளாச்சிக் கடையில் கேட்டால், "அட்ரஸ் கேரளாவாச்சுங்களே, அவங்கதானுங்க வரணும்" என்றார்கள். கடைசியில் டெக்னீஷியன் ஒருவர் வந்தார். பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார், கம்ப்ரசர் ஸ்டாக் இல்லை என்றார், கிளம்பும்போது ஓடிபி கேட்டார். அதைச் சொன்னால் கம்ப்யூட்டரில் புகார் தீர்ந்துவிட்டதாகப் பதிவாகிவிடும். வேலை முடியாமல் அந்த ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். நாங்கள் சொல்லவில்லை, அதனால் புகார் தீராமல் கிடப்பது நிறுவனத்தின் சொந்தக் கணக்கிலேயே தெரிந்தது.

இதையெல்லாம் நாள்வாரியாக என் வலைப்பதிவில் எழுதினேன். எந்தத் தேதியில் கூப்பிட்டேன், என்ன பதில் வந்தது, அடுத்து எங்கே அனுப்பினார்கள், அவ்வளவுதான். என் முகவரியையும் போன் எண்ணையும் மறைத்து பில்லின் படத்தைப் போட்டேன். 'மோசடி', 'திருடர்கள்' போன்ற வார்த்தைகளைத் தொடவே இல்லை. மாடல் எண்ணைத் தலைப்பிலேயே கொடுத்தேன். அதே ஃப்ரிட்ஜை வாங்க நினைப்பவர் கூகுளில் தேடுவது அதைத்தானே? நிறுவனத்துக்கு உறுத்துவதும் அதுதான். பதிவின் சுட்டியை அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்பிய பிறகுதான், பாலக்காடா பொள்ளாச்சியா என்ற பேச்சு நின்றது.

இதற்குப் பழைய முன்னுதாரணம் உண்டு. 2005 ஜூனில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜெஃப் ஜார்விஸ் தன் டெல் லேப்டாப் பற்றித் தன் வலைப்பதிவில் எழுதினார். வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் சேவைக்குக் காசு கட்டியிருந்தார். ஆனால் ஆள் வந்தாலும் கையில் பாகம் இருக்காது, மெஷினை அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதே அனுபவம் உள்ளவர்கள் அவர் பதிவில் வந்து குவிந்தார்கள். அவருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. அடுத்த ஆண்டு டெல் நிறுவனமே ஒரு வலைப்பதிவைத் தொடங்கி வாடிக்கையாளர்களிடம் பேச ஆரம்பித்தது. தனியாள் பதிவு ஒரு பெரிய நிறுவனத்தையே பேச வைக்க முடியும் என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் பதிவை மட்டும் நம்பி உட்காராதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகாரைப் பதியலாம். அதிலும் நகரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. எல்லையோரத்தில் இருப்பவர்கள் ஒன்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ பிரச்சினை நடந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். பொள்ளாச்சியில் வாங்கினால் கோவைக்கு அலைய வேண்டி வரும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 சட்டம் இதை மாற்றிவிட்டது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பில் எந்த மாநிலத்தில் போட்டது என்பது இதற்குத் தடையில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். உங்கள் பதிவில் இருக்கும் தேதிவாரியான குறிப்பே புகார் மனுவுக்கும் அப்படியே உதவும்.

அவதூறு வழக்கு வருமோ என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அவதூறு பற்றிய 356-வது பிரிவிலேயே, பொதுநலனுக்காகச் சொல்லும் உண்மைக்கு விலக்கு இருக்கிறது. அதனால் ஆவணம் கையில் உள்ளதை மட்டும் எழுதுங்கள், ஊகத்தை விட்டுவிடுங்கள். அப்புறம், டெக்னீஷியனின் பெயரையோ போனில் பேசிய பெண்ணின் பெயரையோ தயவுசெய்து போடாதீர்கள். பாகம் அனுப்பாதது அவர்கள் முடிவல்ல. வேலை போனால் பாதிக்கப்படுவது மட்டும் அவர்கள்தான். எவ்வளவு கோபம் இருந்தாலும் அது முறையல்ல.

கடைசியாக ஒன்று. கம்ப்ரசரை மாற்றித் தந்த பிறகு, "பிரச்சினைதான் முடிந்துவிட்டதே, பதிவை எடுத்துவிடுங்களேன்" என்று நயமாகக் கேட்டார்கள். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாரண்டிப்படி செய்ய வேண்டியதைச் செய்ததற்குப் பதிலாக நான் எதையும் அழிக்க வேண்டியதில்லை. அழித்தால், வேலந்தாவளத்திலோ மீனாட்சிபுரத்திலோ இதே மாடலை வாங்கப்போகிறவருக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விடும். ஆனால் தீர்த்து வைத்ததையும் சொல்வதுதான் நியாயம். அதனால் பதிவின் மேலேயே, எந்தத் தேதியில் யார் வந்து மாற்றினார்கள், பாலக்காட்டு சென்டரா பொள்ளாச்சியா என்பதைச் சேர்த்துவிட்டேன். ஆளின் பெயர் இல்லாமல்தான்.