கோப்பையில் இருக்கும் பெயர் தாத்தாவுடையதா?

பழைய ஓட்டப்பந்தய வீரர்களைப் பதிவேடுகளில் தேடுவது எனக்கு நெடுநாள் கிறுக்கு. அது தெரிந்து வந்த கேள்விகள் இவை.

அம்மாபேட்டையிலிருந்து: வீட்டில் ஒரு வெள்ளிக் கோப்பை இருக்கிறது. 'கே. ராமசாமி, 440 கெஜம், சேலம் ஜில்லா, 1936' என்று பொறித்திருக்கிறது. தாத்தா பெயரும் அதுதான். அவர்தானே ஐயா?

இருக்கலாம். ஆனால் நம் ஊரில் ராமசாமி என்று கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். 'கே' என்பது கந்தசாமியா, குப்புசாமியா? அன்றைய சேலம் ஜில்லாவும் இன்றையது இல்லை. தர்மபுரி 1965இல் பிரிந்தது, நாமக்கல் 1997இல். கிருஷ்ணகிரி 2004இல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. அந்த ராமசாமி ஓசூர்க்காரராகவும் இருக்கலாம். கோப்பை எப்படியோ உங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். தாத்தா படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள். தகப்பனார் பெயரும் ஊரும் அதில் இருக்கும். அப்புறம் அதே காலத்தில் இன்னொரு கே. ராமசாமி இருந்தாரா என்றும் பாருங்கள். பலர் இந்த வேலையை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

ஓமலூரிலிருந்து: பெரியப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1-6-1919. ஜாதகத்தில் சித்தார்த்தி வருஷம் தை மாதம். எதை நம்புவது?

நான் ஜாதகத்தைத்தான் நம்புவேன். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது, கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் அஞ்சு வயசு. வாத்தியார் ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். சித்தார்த்தி 1919 சித்திரையில் பிறந்தது. ஆகவே அதன் தை மாதம் 1920 ஜனவரி நடுவில் தொடங்கி பிப்ரவரி வரை போகும். பெரியப்பா பிறந்த ஆண்டை 1919 என்று எழுதிவிடாதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து: காப்பித் தோட்டத்து ஆங்கிலோ இந்தியர் ஒருவர் ஓட்டத்தில் பேர் வாங்கினாராம். எங்கே தேடுவது?

தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளில் தொடங்குங்கள். மதராஸ் மாகாணத்துப் பதிவுகளின் நகல்கள் அந்தக் காலத்தில் லண்டனுக்குப் போயின. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஞானஸ்நானப் பதிவில் தகப்பனாரின் தொழிலும் இருக்கும். பெயர் மாறினாலும் அந்த நூல் அறுந்துபோகாது. நார்மன் பிரிட்சார்டைப் பாருங்கள். கல்கத்தாவில் பிறந்தவர். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் வெள்ளி வாங்கினார். பிறகு அமெரிக்காவில் ஊமைப் படங்களில் நார்மன் டிரெவர் என்ற பெயரில் நடித்தார். பிரிட்சார்ட் என்று மட்டும் தேடினால் அந்தப் பாதி வாழ்க்கை கையில் சிக்காது. அவர் இந்தியாவுக்காக ஓடினாரா, பிரிட்டனுக்காகவா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

ஆத்தூரிலிருந்து: இணையத்தில் 'பிறப்பு: சேலம்' என்று ஒரு வீரர் கிடைத்தார். நம்மவர்தானே?

எந்த சேலம்? அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ஒன்று, ஓரிகனில் ஒன்று இருக்கிறது. மாம்பழம் கிடைக்கும் சேலம்தானா என்று முதலில் பாருங்கள்.

ராசிபுரத்திலிருந்து: பழைய செய்தித்தாளில் '100 ஓட்டம், 10 1/5 வினாடி' என்று இருக்கிறது. இவ்வளவு வேகமா?

அது கெஜமாக இருக்கும். 100 கெஜம் என்றால் 91.44 மீட்டர்தான். ஐந்தில் ஒரு பங்கு வினாடி காட்டும் கடிகாரத்தைக் கையால் அழுத்தி எடுத்த நேரம். சரி, நல்ல ஓட்டம்தான், ஆனால் உலக சாதனை என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.