இல்லாத ஒன்று நினைவில் இருந்தால் அது மறதி நோயா?

கேள்வி: எனக்கு வயது 61. ஓய்வுபெற்ற ஆசிரியை. என் தங்கை கல்யாணத்தில் அப்பா மண்டப வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றது இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது. அன்று அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார் என்கிறார் அண்ணன். ஆல்பத்தைப் பார்த்தால் வாசலில் நிற்பது சித்தப்பா! பெயர்கள் மறக்கின்றன. அடுப்படிக்குப் போய் எதற்கு வந்தோம் என்று நிற்கிறேன். கடைப் பலகைகளைத் தப்பாகப் படிக்கிறேன். என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் அல்சைமர் என்ற மறதி நோய் இருந்தது. இணையத்தில் படித்துவிட்டு மெடிக்கலில் அதற்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரையை வாங்கி மூன்று வாரமாகச் சாப்பிடுகிறேன். தூக்கத்துக்கு அலர்ஜி மாத்திரை போடுகிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மாவுக்கு வந்தது நமக்கும் வந்துவிட்டதோ என்ற பயத்தில்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதற்குப் பதில். கல்யாண மண்டபத்து நினைவு மறதி நோயின் அடையாளம் இல்லை. நீங்கள் பொய்யும் சொல்லவில்லை. ஆரோக்கியமான மூளை தினமும் செய்கிற வேலை அது.

நடந்ததையெல்லாம் மூளை முழுதாகச் சேர்த்து வைப்பதில்லை. கல்யாணம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நமக்குள் ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு, பக்கத்தில் கைகூப்பி நிற்கும் பெண்ணின் அப்பா. உளவியலில் இதை ஸ்கீமா என்பார்கள். நீங்கள் அன்று உண்மையில் மனதில் பதித்தது சில துண்டுகளாகத்தான் இருக்கும். பல வருடம் கழித்து அதைக் கூப்பிடும்போது விட்டுப்போன இடங்களை இந்த ஸ்கீமா நிரப்பிக் கொடுக்கிறது. பெண்ணின் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் அப்பாவை நிறுத்திவிட்டது. எது பதிந்தது, எது நிரப்பியது என்று உள்ளிருந்து பார்க்கிற உங்களுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

1981-இல் அமெரிக்காவில் புருவர், டிரெயன்ஸ் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். ஒரு மாணவரின் அலுவலக அறையில் ஆட்களைச் சிறிது நேரம் காத்திருக்கச் சொல்லி, பிறகு வேறு அறைக்கு அழைத்துப்போய் அங்கே என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். 30 பேரில் 9 பேர் புத்தகங்கள் இருந்ததாக எழுதினார்கள். அறையில் ஒரு புத்தகம்கூட இல்லை. படிக்கிறவர் அறை என்றால் புத்தகம் இருக்கத்தானே வேண்டும்! இத்தனைக்கும் அவர்கள் அந்த அறையை விட்டு வந்து சில நிமிடங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

"ஆல்பத்தைப் பார்த்த பிறகும் அப்பாதான் தெரிகிறார்" என்று நீங்கள் பயப்பட வேண்டாம். 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, செய்தி கேட்டபோது எங்கே இருந்தீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர். இரண்டரை வருடம் கழித்து அதே மாணவர்களிடம் மீண்டும் கேட்டபோது பலர் வேறு கதையைச் சொன்னார்கள், அதுவும் அடித்துச் சொன்னார்கள். தங்கள் கைப்பட எழுதிய பழைய தாளைக் காட்டிய பிறகும் சிலருக்குப் புதிய நினைவுதான் சரியாகப் பட்டது. அவர்கள் எல்லோரும் கல்லூரி வயதுப் பிள்ளைகள். ஒரு காட்சி தெளிவாகத் தெரிகிறது என்பதால் அது அப்படியே நடந்தது என்று ஆகிவிடாது. ஆல்பத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதால் மூளை கெட்டுவிட்டது என்றும் ஆகிவிடாது.

கடைப் பலகை சமாச்சாரமும் இதில்தான் சேரும். முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் மீதியை மூளையே ஊகித்துவிடும். கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தினீர்களே, கோணல் கையெழுத்தை எல்லாம் அப்படித்தான் படித்திருப்பீர்கள். கண்ணாடியை மாற்றி ரொம்ப நாளாகியிருந்தால் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், போதும். பெயர் நாக்கு நுனியில் நிற்பது, அடுப்படியில் போய் முழிப்பது இரண்டையும் விட்டுத்தள்ளுங்கள். அரை மணி கழித்தாவது ஞாபகம் வருகிறதல்லவா?

நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றைப் பார்த்தால்தான். ஸ்கீமா இடைவெளியை நிரப்பினால் நோய் இல்லை. அந்த ஸ்கீமாவே உடைந்தால் நோயாக இருக்கலாம். நாற்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு வைத்த சாம்பாரில், பருப்பை வேகப்போடாமலே புளியைக் கரைத்து ஊற்றிவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பது. உப்புப் போட மறப்பதை நான் சொல்லவில்லை, அது எல்லா வீட்டிலும் நடக்கும். வேலையின் வரிசையே கலைவதைச் சொல்கிறேன். வங்கிச் சலானில் எதை எங்கே எழுதுவது என்று புரியாமல் போவது, வழக்கமாகப் போகும் கோயிலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது எல்லாம் இதே வகை. இப்படி ஒன்று திரும்பத் திரும்ப நடந்தால் தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் இதை முதலில் கவனிப்பது கூட இருப்பவர்கள்தான். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அம்மாவுக்கு முதிய வயதில் வந்தது உங்கள் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது என்பது உண்மை. கட்டாயம் வரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். இதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. டோனெபெசில் யாரும் எழுதித் தராமல் வாங்கிப் போடுகிற சத்து மாத்திரை இல்லை. நாடித்துடிப்பைக் குறைத்து மயங்கி விழவைக்கக்கூடியது. நல்ல ஞாபகத்தை மேலும் கூர்மையாக்கும் என்று நினைத்தால், அதுவும் நடக்காது. இன்றோடு நிறுத்துங்கள். அலர்ஜி மாத்திரை போடுவது இன்னும் வேடிக்கையான முரண். டோனெபெசில் மூளையில் கூட்டுகிற, ஞாபகத்துக்கு உதவும் அசெட்டைல்கோலின் என்ற அதே பொருளின் வேலையை, தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் தடுக்கின்றன. தினமும் போட்டால் பகலெல்லாம் மந்தமாக இருக்கும், மறதியும் கூடும். பெயர் மறப்பதில் பாதி அதனால்கூட இருக்கலாம். அதையும் விடுங்கள்.

உங்கள் ஊரிலேயே ஒரு பொது மருத்துவரிடம் போய் பி12, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு நீண்ட நாளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்றால் பி12 கட்டாயம். தூக்கம் ஏன் வரவில்லை என்பதையும் மனச்சோர்வு இருக்கிறதா என்பதையும் அவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள், அவையும் ஞாபகத்தைக் கெடுக்கும். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முடிந்தால் அண்ணனையும் கூட்டிப் போங்கள். அப்பா எங்கே நின்றார் என்ற வழக்கைத் தீர்க்க அல்ல. அன்றாட வேலைகளை நீங்கள் முன்போலவே செய்கிறீர்களா என்று மருத்துவர் கேட்டால் வெளியிலிருந்து பார்க்கிற ஒருவர் சொல்ல வேண்டும்.