மிலான் பேராலயத்தின் கூரையும் குங்குமப்பூ ரிசோட்டோவும்

வயதான பெற்றோருடனும் குழந்தையுடனும் இத்தாலி செல்லும்போது மிலானில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் எதைப் பார்ப்பது, எதைச் சாப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எழுபதைக் கடந்த என் அம்மா, என் கணவர், பத்து வயது மகள் ஆகியோருடன் ஒரு ஜூன் மாதத்தில் நான் அங்கே சென்றிருந்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: மற்ற இடங்களை விட்டுவிடுங்கள். அந்த நாள் முழுவதையும் துவோமோ என்று அவ்வூரார் அழைக்கும் பேராலயத்துக்கே கொடுங்கள். இரவு உணவாக, குங்குமப்பூ சேர்த்துக் குழையச் சமைக்கும் அரிசி உணவான மிலான் நகரத்து ரிசோட்டோவைச் சாப்பிடுங்கள்.

1386ஆம் ஆண்டு, ஜான் கலியாட்சோ விஸ்கோந்தி ஆண்ட காலத்தில் தொடங்கிய கட்டுமானம் இது. முதலில் செங்கல்லால் கட்டத் தொடங்கிப் பின்னர் பளிங்குக்கு மாறினார்கள். வெண்மையோடு இளஞ்சிவப்பும் சாம்பல் நிறமும் கலந்த அந்தக் கல், வடக்கே கண்டோலியா என்னும் ஊரின் சுரங்கத்திலிருந்து மஜ்ஜோரே ஏரி, டிச்சினோ ஆறு, நவீல்யோ கிராண்டே கால்வாய் என நீர்வழியாகவே நகருக்குள் வந்தது. பேராலயப் பணிக்கான கல் என்பதைக் காட்டும் முத்திரை இருந்தால் படகுக்குச் சுங்கம் கிடையாது. 1805இல் இங்கே இத்தாலியின் மன்னராக முடிசூடிய நெப்போலியன், முகப்பைக் கட்டி முடிக்க ஆணையிட்டார். ஆனாலும் கடைசி வெண்கலக் கதவு பொருத்தப்பட்டது 1965இல்தான். இன்றும் அதே கண்டோலியாவிலிருந்து கல் வருகிறது. பழைய கல் சாம்பல் பூத்திருக்க, மாற்றப்பட்ட கல் மட்டும் வெளுத்துத் தெரிவதை என் மகள் முதலில் கண்டுபிடித்தாள். அதன்பின் அன்று முழுவதும் புதிய கற்களைத் தேடுவதே அவளுடைய வேலையாக இருந்தது.

உள்ளே 52 தூண்கள் நிற்கும் இருண்ட பெருவெளியில் இரண்டு இடங்களைத் தவறவிடாதீர்கள். முதலாவது, நுழைவாயிலுக்கு அருகே தரையின் குறுக்கே ஓடும் பித்தளைக் கோடு. பிரேரா வானாய்வகத்தார் 1786இல் பதித்த அந்தக் கோட்டின்மேல், உச்சிவேளையில், தென்புறக் கூரையில் உள்ள சிறு துளை வழியாக ஒரு வெயில் வட்டம் வந்து விழும். கோட்டின் பக்கத்தில் இராசிகளின் உருவங்கள் இருப்பதால் அம்மாவுக்கு அதை விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவிடுவதால் அங்கே உண்மையான உச்சிவேளை ஏறக்குறைய 1.20க்குத்தான் வருகிறது. இரண்டாவது, மார்க்கோ த அக்ராதே 1562இல் செதுக்கிய, இயேசுவின் சீடர்களில் ஒருவரான புனித பர்த்தலோமேயுவின் சிலை. தோளில் உத்தரீயம் போட்டிருக்கிறார் என்றே அம்மா நினைத்தார். அது உயிரோடு உரிக்கப்பட்ட அவருடைய தோல் என்று தெரிந்ததும் வெகுநேரம் பேசாமல் நின்றார். குழந்தையை அங்கே அழைத்துச் செல்வதற்கு முன் அதுபற்றிச் சொல்லிவைப்பது நல்லது.

வெயில் வட்டத்துக்காகக் காத்திருந்ததில் மதிய உணவு தள்ளிப்போயிற்று. நாங்கள் முதலில் அமர்ந்த உணவகத்தின் அட்டையில் ரிசோட்டோவுக்கு எதிரே அரிசி, குங்குமப்பூ, வெண்ணெய் என்று மட்டுமே எழுதியிருந்தது. அம்மா சைவம் என்பதால் பரிமாறுபவரிடம் கேட்டபோதுதான், இறைச்சி வேகவைத்த சாற்றில் அது சமைக்கப்படுகிறது என்றும், எலும்பு மஜ்ஜையும் சேர்கிறது என்றும் தெரிந்தது. மரபான செய்முறையே அதுதான். குறை சொல்ல முடியாது, ஆனால் கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு அது பெரும் வருத்தமாகியிருக்கும். எழுந்து அடுத்த இடத்துக்குப் போவதற்குள் மணி இரண்டரை ஆகி, சமையலறையை மூடிவிட்டார்கள். ஃபொக்காச்சா ரொட்டியோடு பகல் கழிந்தது.

மாலை ஐந்தரை மணிக்குக் கூரைக்குச் சென்றோம். பாதி உயரத்துக்கு மேல் மின்தூக்கி செல்கிறது. அதற்குப் பின்னும் சில படிகள் ஏற வேண்டியிருந்தாலும், மூட்டுவலி உள்ள அம்மா நின்று நின்று ஏறிவிட்டார். இந்தப் பேராலயத்தின் கூரை ஓடு வேய்ந்ததன்று, பளிங்குப் பலகைகள் பரப்பியது. ஆகவே அதன்மேல் முற்றத்தில் உலவுவதுபோல நடக்கலாம். சுற்றிலும் 135 கோபுர முனைகள். தெருவிலிருந்து பார்த்தால் வெறும் ஊசிகளாகத் தெரிந்தவை, அருகே வந்ததும் ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு மனிதர் நிற்பதைக் காட்டின. அனைத்துக்கும் மேலே, 108.5 மீட்டர் உயரத்தில், 1774 முதல் நிற்கும் பொன்முலாம் பூசிய மாதா. ஊரார் அவரை மதோன்னீனா, அதாவது சின்ன மாதா, என்று செல்லமாக அழைக்கிறார்கள். சாயும் வெயிலில் பளிங்கின் இளஞ்சிவப்பு மேலெழுந்து வருவதைப் பார்ப்பதற்காகவே நான் மாலை நேரத்தைப் பரிந்துரைக்கிறேன்.

ரிசோட்டோவுக்கும் இந்தப் பேராலயத்துக்கும் ஓர் உறவு உண்டு என்று மிலான்காரர்கள் கதை சொல்வார்கள். 1574இல் இங்கே வண்ணக் கண்ணாடி செய்துகொண்டிருந்த ஃபிளாண்டர்ஸ் நாட்டுக் கலைஞர் ஒருவரின் சீடன், எந்த வண்ணத்திலும் சிறிது குங்குமப்பூவைக் கலந்துவிடுவானாம். குருவின் மகள் திருமணத்தன்று விருந்துச் சோற்றிலும் கலந்துவிட்டான் என்பது கதை. கதையாகவே இருக்கட்டும், பகலில் அந்த மஞ்சள் கண்ணாடிகளைப் பார்த்துவிட்டு இரவில் அந்த மஞ்சள் தட்டின்முன் அமர்ந்தபோது எனக்கு அது பொருத்தமாகவே பட்டது.

அன்றிரவு ஏழரை மணிக்கு, காய்கறிச் சாற்றில் செய்து தர ஒப்புக்கொண்ட சிறிய உணவகம் ஒன்று கிடைத்தது. அரிசியை வெண்ணெயில் வறுத்து, சூடான சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறுவதால் இருபது நிமிடங்களாவது காத்திருக்க வேண்டும். இறுதியில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்த்து அடித்துக் கிளறுவதில்தான் அந்தக் குழைவு வருகிறது; தட்டை அசைத்தால் சோறு அலைபோலப் பரவ வேண்டும். "பொங்கல் மாதிரி குழைஞ்சிருக்கு, ஆனா அரிசி நடுவுல கடிபடுதே" என்றார் அம்மா. வேகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அதுதான் அங்கே பதம். அம்மா தட்டைக் காலி செய்தார்.

சைவம் உண்பவர் உடன் இருந்தால், முன்பதிவின்போதே "பிரோதோ வெஜெதாலே" என்று சொல்லிக் காய்கறிச் சாறா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ரிசோட்டோவில் சேரும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்வதால், கண்டிப்பான சைவர்கள் அதையும் தவிர்க்கச் சொல்ல வேண்டும். பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடை தேவை. கூரைக்கான மின்தூக்கிச் சீட்டைச் சில நாட்களுக்கு முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள்.