மாலை போடாத படம்

கேள்வி: என் பெரியப்பா மலாயாவின் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1944இல், 19 வயதில், நேதாஜி படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். திரும்பவேயில்லை, ஒரு கடிதாசியும் இல்லை. அவர் படத்துக்கு மாலை போட்டுத் திதி கொடுத்துவிடலாம் என்கிறார் அண்ணன். 91 வயது அத்தையோ, "அவன் செத்தத நீ பாத்தியா?" என்று அழுகிறார். தீபாவளிக்குத் தீபாவளி பெரியப்பாவின் பால் வெட்டும் கத்திக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைப்பவர் அவர். நான் என்ன செய்வது?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, அந்தக் கத்தியைப் பற்றிப் படித்த பிறகு உங்கள் அண்ணன் பக்கம் பேச எனக்கு மனம் வரவில்லை.

பெரியப்பாவுக்கு என்ன ஆனது என்று ஊகிக்கத்தான் முடியும். 1944 மார்ச்சில் தொடங்கிய இம்பால் சண்டை ஜூலையில் தோல்வியில் முடிந்தது. அடைமழையில், சோறில்லாமல் மருந்தில்லாமல் பின்வாங்கிய நம் ஆட்களில், குண்டடிபட்டவர்களைவிட மலேரியாவிலும் சீதபேதியிலும் போனவர்களே அதிகம். அப்புறம் 1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றங்கரையைக் காத்து நின்ற படையில் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். 1944இல் சேர்ந்தவர் என்பதால் பெரியப்பாவும் அங்கே இருந்திருக்கலாம்.

யாங்கோனுக்கு (அன்றைய ரங்கூன்) பக்கத்தில் தாவ்க்யான் போர்க் கல்லறை இருக்கிறது. புதைத்த இடம் தெரியாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் அங்கே தூண்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவர்கள் எல்லாரும் பிரிட்டிஷ் தரப்பில் நின்றவர்கள். பெரியப்பா பெயரை அங்கே தேட வேண்டாம். டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் நேதாஜி படையின் தாள்கள் இருக்கின்றன, எழுதிக் கேளுங்கள். ஆனால் வெறும் பெயர் போதாது. ஒரே தோட்டத்திலேயே எத்தனை முனியாண்டிகள், எத்தனை மாரிமுத்துகள்! தாத்தா பெயர், தோட்டம், ஊர்நாட்டுக் கிராமம், பயிற்சி எடுத்த இடம், கூடப் போனவர்கள் யார் யார் என்பதெல்லாம் வேண்டும். இதெல்லாம் இன்று அத்தை ஒருவருக்குத்தான் தெரியும். இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள், கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, திதிக்கு வருவோம். இறந்த நாள் தெரியாதவருக்கு மகாளய அமாவாசையில் கொடுக்கலாம். அதற்கு முந்தின சதுர்த்தசி, ஆயுதத்தால் மாண்டவர்களுக்கென்றே வைத்த நாள். எதுவானாலும் அத்தை மனம் ஒப்பிச் சரி என்று சொன்ன பிறகுதான். அதுவரை படம் மாலையில்லாமலே கூடத்தில் இருக்கட்டும், அண்ணன் பொறுக்க வேண்டும். அத்தை சம்மதித்தால், எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போகும்போது அவரையும் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். கத்தியைக் கொண்டுவருவதா வீட்டில் வைப்பதா என்பதை அவரே சொல்லட்டும்.