மூன்று எலி, பன்னிரண்டு வளையம்

வணக்கம் ஐயா,

பகாவ் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். உயிர்த்தொழில்நுட்பத்தில் பட்டம் முடித்துவிட்டேன். முதுகலைக்கு அதிலேயே தொடர்வதா, உடலியங்கியலுக்கு மாறுவதா என்று குழப்பம். ஆங்கிலம் சுமார்தான், வயதும் 26 ஆகிவிட்டது. இறுதியாண்டில் எலியின் பெருந்தமனி வளையங்களில் ஒரு மூலிகைச் சாற்றைச் சோதித்தேன். 3 எலி, எலிக்கு 4 வளையம், ஆக மாதிரி எண்ணிக்கை 12. முடிவு நன்றாக வந்தது. ஒருநாள் மட்டும் வளையங்களை உயிரோடு வைத்திருக்கும் உப்புக் கரைசலான கிரெப்ஸ் கரைசல் கலங்கியது, வடிகட்டிப் பயன்படுத்தினேன். இதையே முதுகலையில் விரிவாக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

வயதை விடு. 26-இல் தொடங்க என்ன தடை? ஆங்கிலம் எழுத எழுத வரும். துறையின் பெயருக்கும் நீ இவ்வளவு கலங்க வேண்டாம். உடலியங்கியல் பெரும்பாலும் மருத்துவப் புலத்துக்குள் இருக்கும், உயிர்த்தொழில்நுட்பம் அறிவியல் பக்கம் இருக்கும். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தில் அதற்கென்று தனிப் புலமே உண்டு. மேற்பார்வையாளரிடம் ஆய்வு நிதி இருக்கிறதா, விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வந்துவிட்டதா, அவரிடம் முன்பு சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இந்த மூன்றையும் விசாரித்துவிட்டுச் சேர்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்த 12. பல ஆய்வேடுகளில் இதே கணக்கைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்; உன் கடிதமும் அதையே கொண்டு வந்துவிட்டது.

தோட்டத்தில் இருக்கிறாய். 3 ரப்பர் மரத்துப் பாலை 12 மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், பிரித்து ஊற்றிவிட்டு, 12 மரம் வெட்டினேன் என்றால் தோட்டத்துக் கணக்கர் கிராணி அதற்குப் பேர் போடுவாரா? ஓர் எலியின் 4 வளையங்களுக்கும் வயது ஒன்று, தீனி ஒன்று, அன்றைய கரைசலும் ஒன்று. அவை சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். உன் மாதிரி எண்ணிக்கை 3.

திட்ட விலக்கம் என்பது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு. திட்டப்பிழை என்பது அதை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பது. 12-க்கு வர்க்கமூலம் 3.46, 3-க்கு 1.73. அதே திட்ட விலக்கத்துக்கு 12 என்று எழுதிய கணமே, வரைபடத்தில் திட்டப்பிழையைக் காட்டும் பிழைக்கோடு பாதியாகச் சுருங்கிவிடும். 'நன்றாக வந்த' முடிவில் எவ்வளவு சாற்றினால் வந்தது, எவ்வளவு இந்தச் சுருக்கத்தால் வந்தது என்று உன்னால் சொல்ல முடியுமா?

கலங்கிய கரைசலையே எடுத்துக்கொள். 95 சதவீத ஆக்சிஜன், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவைச் செலுத்துவதற்கு முன்பே கால்சியம் குளோரைடைக் கொட்டியிருப்பாய். வாயு ஏறாத கரைசலில் காரத்தன்மை கூடுதல். கால்சியம் கார்பனேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் பிரிந்து பால்போல் இறங்கும். தாளில் தங்கிய வெள்ளைப் பொடி உன் கால்சியம்தான் அம்மா! அதை வடித்து எறிந்த கரைசலில் தசை எப்படி ஒழுங்காகச் சுருங்கும்? அதைக் கீழே ஊற்றியிருக்க வேண்டும். அன்று 4 வளையமும் ஒன்றாகத்தான் தளர்ந்திருக்கும். ஒரு தவறு நான்கு சாட்சிகளாக உன் அட்டவணையில் உட்கார்ந்திருக்கிறது.

இனி வாயுவை முதலில் விடு, கால்சியத்தைக் கடைசியில் கலக்கிக்கொண்டே சேர். 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வளையத்தைத் தொங்கவிட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றி, ஒரு மணி நேரம் நிலைகொள்ள விடு. பிறகு பினைலெப்ரினால் சுருக்கி, அசிட்டைல்கோலினால் தளர்கிறதா பார். அசிட்டைல்கோலின் குழாயின் உட்சுவர் வழியாகத்தான் தளர்த்தும்; தளரவில்லையென்றால் கம்பி கோக்கும்போது அந்த உட்சுவர் உரிந்திருக்கலாம். எவ்வளவு தளர்ந்தால் வளையத்தை ஏற்பது என்ற அளவைச் சோதனைக்கு முன்பே குறிப்பேட்டில் எழுதிவிடு. முடிவைப் பார்த்தபின் கழிப்பது களவு.

நான்கு வளையம் எடுத்ததில் குற்றமில்லை. நான்குக்கும் ஒரே மருந்தென்றால் சராசரி எடுத்து எலிக்கு ஓர் எண்ணாக்கு. ஒன்று சாறு சேர்க்காத கட்டுப்பாடு, மற்றவை வெவ்வேறு செறிவு என்றால் இன்னும் நல்லது. அந்த எலியே தனக்கு ஒப்பீடாகிவிடும், அதற்கு, ஒரே எலியின் அளவுகளைத் தமக்குள் ஒப்பிடும் இணைமுறைச் சோதனை போடலாம். அப்போதும் எண்ணுவது எலியைத்தான்.

உயிர்த்தொழில்நுட்பத்திலேயே இருந்துவிட்டால் இதிலிருந்து தப்பலாம் என்று நினைக்காதே. ஒரே குடுவையில் வளர்த்த செல்லைச் சோதனைத் தட்டின் மூன்று குழியில் போட்டால் அது ஒன்றுதான். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரில் ஒரே மாதிரியை மும்முறை ஓட்டினால், திரவத்தை அளந்து விடும் உன் பிப்பெட் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும், அவ்வளவே. வேறு நாள், வேறு குடுவை, புதிதாகத் தயாரித்த கரைசல் என்று மறுபடி செய்தால்தான் இரண்டாவது எண் கிடைக்கும்.

விரிவாக்குவது பற்றி இப்போது பேச வேண்டாம். அந்த 12 எண்களையும் எலிவாரியாக 3 சராசரியாக்கு. கலங்கிய நாளைச் சேர்த்து ஒருமுறை, விட்டுவிட்டு ஒருமுறை கணக்குப் போடு. இரண்டையும் எனக்கு அனுப்பு. எந்தத் துறை என்று அதன்பின் பேசுவோம்.