ஓய்வுக்குப் பிறகு எழுதியவரா நாராயண்?

அன்புள்ள சார்,

கேரளத்தின் முதல் பழங்குடி நாவலாசிரியரான நாராயண், அறுபதை நெருங்கும் வயதில்தான் முதல் நாவலை வெளியிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வில் கிடைத்த நேரம்தான் அவரை எழுத வைத்ததா? அப்படியென்றால் எனக்கும் தெம்பு வருகிறது.

கே., தென்காசி

அன்புள்ள கே.,

தெம்பு வரட்டும். ஆனால் அவர் கதை அப்படி இல்லை. வயதை மட்டும் சொல்லிவிட்டுப் போனது என் தவறு.

நாராயண் 1940இல், இன்றைய இடுக்கி மாவட்டத்துக் குடயத்தூரில், மலையரையர் என்ற பழங்குடியில் பிறந்தவர். தபால் துறையில் வேலை, 1995இல் ஓய்வு. முதல் நாவலான ‘கொச்சரேத்தி’யை 1988இலேயே எழுதிவிட்டார். புத்தகமாக வந்தது 1998இல். ஆக, எழுதியது வேலையில் இருக்கும்போதே. பத்து வருடம் காத்துக் கிடந்தது கையெழுத்துப் பிரதிதான். வந்த மறுவருடமே கேரள சாகித்ய அகாதமி விருது! அந்தப் பத்து வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

பொழுதுபோகாமல் எழுதியவரும் இல்லை. தன் மக்களை வெளியார் அரக்கர்களாகவும் அறிவற்றவர்களாகவும் காட்டியது அவருக்குப் பொறுக்கவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் பேனாவை எடுத்தார்.

நாவலின் கடைசிப் பகுதியை மட்டும் படித்தாலும் இது புரியும். கொச்சுராமன் தன் மக்களுக்கு மருந்து கொடுத்த வைத்தியன். வயதான காலத்தில் அவரையே நோய்க்காக நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். உடம்பைக் கீற வேண்டும் என்றதும் அவரும் மனைவி குஞ்ஞிப்பெண்ணும் அங்கிருந்து ஓடிவிடுகிறார்கள். வெளியார் யாராவது எழுதியிருந்தால், பாவம் அறியாமை என்று உச்சுக் கொட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் பச்சிலையின் பெருமையைப் பாடியிருப்பார்கள். நாராயண் இரண்டையும் செய்யவில்லை. இரண்டு கிழங்களின் பயத்தைப் பயமாகவே விட்டுவிடுகிறார். படித்துக் கரையேறிய மகள் பார்வதியைப் பற்றி எழுதும்போதும் இதே நிதானம்தான்.

அப்புறம், ஒன்றோடு நிறுத்தியவரும் இல்லை. ‘ஊராளிக்குடி’ உட்பட மேலும் சில நாவல்கள், சிறுகதைகள் எழுதிவிட்டு, 2022இல்தான் காலமானார்.

சரி, உங்கள் விஷயம். பீரோவில் பழைய நோட்டு ஏதாவது இருந்தால் ஒரு நகல் எடுத்து அனுப்புங்கள். கையெழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை. கண்ணாடி மாற்றியிருக்கிறேன், படிக்கக் கொஞ்ச நாளாகும்.