பெரிய வெள்ளி ஆராதனையில் ஒவ்வொரு தியானத்துக்கும் பிறகு கொயர் (பாடகர் குழு) பாடுவது எதற்கு?

கேள்வி கேட்டவர், மூன்று மணி நேரம் பிரசங்கம் கேட்கிறவர்கள் சற்றுக் களைப்பாறத்தான் நடுநடுவே பாட்டு வைக்கிறார்களோ என்று கேட்டிருக்கிறார். குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் 22 வருடமாக டெனர், அதாவது ஆண்களின் உயர்ந்த குரல், பாடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: களைப்பாற இல்லை. பேசியவர் விட்ட இடத்தில் சபை தன் வாயைத் திறக்கத்தான் அந்தப் பாட்டு.

சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை மதியம் 12 மணியிலிருந்து 3 மணி வரை தியானிக்கும் வழக்கம் பெரு நாட்டு லிமா நகரில், இயேசு சபைத் துறவிகளிடம் தொடங்கியது. அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போய், பிற்பாடு வேறு பல சபைகளுக்கும் பரவியது. 1780களில் ஸ்பெயினின் காடிஸ் நகரிலிருந்து இசையமைப்பாளர் ஹைடனுக்கு இதற்காகவே இசை கேட்டு எழுதினார்கள். அங்கே ஆயர் ஒரு வார்த்தையைச் சொல்லி, அதைப் பற்றிப் பேசி, பிரசங்க பீடத்தை விட்டு இறங்கி வந்து முழங்கால்படியிடுவார். அவர் முழங்காலில் நிற்கும் நேரத்துக்கு ஹைடனின் இசை. ஒவ்வொன்றும் பத்து நிமிடம் மெதுவாகப் போக வேண்டும், கேட்கிறவர்களுக்குச் சலிக்கவும் கூடாது; அது எளிதாக இருக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். முதலில் அது வெறும் வாத்திய இசைதான். பாடகர் குழுவுக்கான வடிவத்தை 1796இல் செய்தார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஆயர் முழங்கால்படியிட்டதுதான். பேசியவரும் அந்த நேரத்தில் கேட்கிறவர்களில் ஒருவராகிவிடுகிறார்.

எங்கள் சபையில் லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) தொடங்கியதும் இரவு ஏழரைக்குப் பயிற்சி. பேஸ் என்ற தாழ்ந்த குரலில் பாடும் அண்ணன்மார்களில் பாதிப்பேர் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். விடிவதற்கு முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் இறங்குகிறவர்கள், இரவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். கொயர் மாஸ்டர் கரும்பலகையில் டோ, ரே, மி என்று சோல்ஃபாவில் (நம் ச, ரி, க போன்ற சுர எழுத்தில்) நான்கு குரலுக்கும் எழுதிப் போடுவார். முதல் ஒரு வாரம் பாட்டின் வார்த்தையே கிடையாது, சோல்ஃபா மட்டும்தான்.

எல்லாப் பாட்டையும் நான்கு குரலில் பாடுவதில்லை. 'தாகமாயிருக்கிறேன்' என்ற ஐந்தாம் வார்த்தைக்கு ஒரு கீர்த்தனையை எல்லாரும் ஒரே குரலில் பாடுவோம். கீர்த்தனை இந்த மண்ணுக்குச் சொந்தமானது. 19ஆம் நூற்றாண்டில் கீர்த்தனைகள் எழுதிய ஜான் பால்மர் எங்கள் மாவட்டத்து மயிலாடியில் பிறந்தவர். உதடு காய்ந்து கிடக்கிற ஒருவரைப் பற்றிய தியானத்துக்குப் பிறகு நான்கு குரல் அடுக்கு எனக்குப் பாரமாகத் தெரிகிறது. ஆறாம் வார்த்தை 'முடிந்தது'. அங்கே நான்கு குரலும் சேர்ந்து வரலாம், வரவும் வேண்டும்.

2018 பெரிய வெள்ளியைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. ஒக்கி புயல் அடித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் ரப்பரும் வாழையும் சாய்ந்தன. கடற்கரை ஊர்களிலோ கடலுக்குப் போன ஆட்களே திரும்பவில்லை. அந்த வருடம் 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற நான்காம் வார்த்தையை எங்கள் சபை அக்கா ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். கடற்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். எழுதி வைத்திருந்த தாளை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார். வகுப்பில் ஒரு படிவம் நிரப்பக் கொடுத்தபோது ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து, "டீச்சரே, அப்பா பேருக்கு முன்னால லேட்னு எழுதணுமா?" என்று கேட்டதாம். உடல் கிடைக்காத அப்பா. "நான் ஒண்ணும் சொல்லல, அந்த இடத்த அப்படியே விடுன்னேன்" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிவிட்டார். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கீபோர்டு சுருதி கொடுக்க வேண்டும். கொயர் மாஸ்டர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. பிறகு பேஸ் அண்ணன்மார்கள் சுருதி இல்லாமலே மெல்ல எடுத்தார்கள், நாங்கள் சேர்ந்துகொண்டோம். நான்கு சரணப் பாட்டில் இரண்டு சரணம்தான் பாடினோம். எனக்கு டெனர் வரி பாதியில் நின்றுவிட்டது. பின் பெஞ்சிலிருந்து சபையார் அதைப் பாடி முடித்தார்கள்.

எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. சில வருடங்களில் தியானம் முக்கால் மணி நேரம் நீண்டு, பாட்டு ஒரு சரணமாகச் சுருங்கிவிடுகிறது. இல்லையென்றால் கொயர் பெரிய பாட்டை எடுத்து, கீபோர்டில் தாளத்தைப் போட்டு, தன் திறமையைக் காட்டிவிடுகிறது. ஒரு முறை நாங்களே அப்படிச் செய்தோம். பாட்டு முடிந்ததும் பின்னால் யாரோ கைதட்டினார்கள். பெரிய வெள்ளியன்று! அன்று ஆராதனை முடிந்து கஞ்சியும் பயறும் பரிமாறியபோது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

2018க்குப் பிறகு எங்கள் சபையில் நான்காம் வார்த்தைக்குக் கீபோர்டு கிடையாது. யாரும் தீர்மானம் போட்டு எழுதி வைக்கவில்லை. இந்த வருடம் வாசித்த பையன் அந்தப் புயலின்போது சின்னப் பிள்ளை. அவனும் அந்த இடம் வந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.